'ஹாட்' க்யூபிட் என்றால் எவ்வளவு சூடு?

"2020லேயே ஹாட் க்யூபிட் வந்தாச்சு, இனி சிலிக்கான் குவாண்டம் சிப்புக்குக் குளிரூட்டலே வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். க்யூபிட் என்பது குவாண்டம் கணினியில் தகவலைத் தாங்கும் அடிப்படை அலகு. 'ஹாட்' என்றாலும் பெயரில்தான் சூடு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு அப்போது க்யூபிட்டை இயக்கிக் காட்டியது 1.5 கெல்வினில், அதாவது மைனஸ் 271.65 டிகிரி செல்சியஸில். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 1.1 கெல்வினில். ஹீலியம் இல்லாமல் அங்கே போக முடியாது!

அப்புறம் ஏன் அத்தனை கொண்டாட்டம்? வழக்கமாகச் சிலிக்கான் க்யூபிட்டுகள் 0.1 கெல்வின் பக்கம்தான் இயங்கும். அந்தக் குளிரில் குளிரூட்டும் கருவியால் வெளியே இழுக்க முடிகிற வெப்பம் ரொம்பக் கொஞ்சம். இங்கே க்யூபிட்டாக வேலை செய்வது எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது அதைக் குட்டிக் காந்தம் போல ஆக்கும் பண்பு; அதைத் திருப்ப அனுப்பும் மைக்ரோவேவ் துடிப்பே சிப்பைச் சூடாக்கிவிடும். அதனால் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் வெளியே இருக்கும், உள்ளே வயர் வயராக இறங்கும். 1 கெல்வினைத் தாண்டினால் பல மடங்கு வெப்பத்தை இழுக்கலாம், அந்தச் சுற்றுகளைக் க்யூபிட்டுக்குப் பக்கத்திலேயே வைக்கப் பார்க்கலாம்.