அந்த ஜன்னலைத் திறக்கச் சொன்னால் ஏன் யாருக்கும் புரிவதில்லை?

போன வாரம் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவருக்கு நுரையீரல் கோளாறு. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். காத்திருக்கும் அறையில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஏசி ஓடுகிறது என்று ஜன்னல்களை எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தார்கள். எதிர் வரிசையில் ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார், மாஸ்க் இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் வாயைப் பொத்தி இருமுவார், உடனே பையிலிருந்து சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொள்வார். அவர் அலட்சியமான மனிதர் இல்லை. தான் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று மனதார நம்புகிறார். எனக்கு அதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

எழுந்து போய் அங்கிருந்த நர்ஸிடம் கேட்டேன். "சிஸ்டர், அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறந்துவிடலாமா? அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை, இங்கே நிறைய பேர் இருமுறாங்க." அவருடைய மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. "கொரோனா காத்துல எல்லாம் பரவாதுங்க. கையை நல்லா கழுவுங்க, கண்டதையும் தொடாதீங்க, அது போதும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக் காலியான நாற்காலி ஒன்றின் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில், பெருந்தொற்றின் முதல் வருடத்தில் ஒட்டிய போஸ்டர் இன்னும் இருந்தது. சோப்பு நுரையோடு இரண்டு கைகள், நடுவில் இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு உருவங்கள். ஜன்னல் படம் ஒன்றுகூட அதில் இல்லை.

இத்தனை வருடம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020, 2021 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் கொரோனாவால் நேரடியாகவும் மறைமுகமாகவும் கூடுதலாகச் செத்தவர்கள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர். அதற்குப் பிறகும் இந்த நோய் எப்படிப் பரவுகிறது என்ற முதல் பாடமே போய்ச் சேரவில்லை என்றால் கோபம் வருமா வராதா?

கொரோனா முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது. மூச்சுவிடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளியே வரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கின்றன. மூடிய அறையில் மணிக்கணக்கில்கூட நிற்கும். ஒரு மூலையில் யாரோ சிகரெட் பற்றவைத்தால் மறுமூலையில் இருப்பவருக்கு வாடை அடிக்கிறதில்லையா, அது மாதிரிதான். அங்கே ஆறடி தள்ளி நின்று என்ன பயன்?

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒன்று ஒத்திகைக்குக் கூடியது. வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள். கைகுலுக்குவதைக்கூடத் தவிர்த்தார்கள். இரண்டரை மணி நேரம் ஒரே கூடத்தில் பாடினார்கள், அவ்வளவுதான். வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்திருக்க மிகவும் வாய்ப்பிருந்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். தொட்டதால் மட்டும் இது நடந்திருக்கும் என்று யாராவது எனக்கு விளக்கட்டும் பார்ப்போம்.

அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. வரத்தான் செய்தது, ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனமே ட்விட்டரில் "கோவிட்-19 காற்றில் பரவுவதில்லை, இதுதான் உண்மை" என்ற பொருளில் அடித்துச் சொன்னது. அதே வருடம் ஜூலையில், காற்றில் மிதக்கும் நுண்துளிகளை ஆராய்கிற லிடியா மொரவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் இருவரும் எழுதிய கடிதத்துக்கு 239 விஞ்ஞானிகள் ஆதரவு கொடுத்து, காற்றில் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டார்கள். நிறுவனம் தன் விளக்கப் பக்கத்தில் அதைத் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் கடைசியில். ஒரு வருடத்துக்கு மேல்! தப்பைச் சொன்னபோது உலகம் முழுக்கக் கேட்டது. திருத்தியபோது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை. போஸ்டரை யாரும் கிழிக்கவில்லை, புதுசும் ஒட்டவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வேர் இன்னும் பழசு. 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட பெரிய துளி எல்லாம் சட்டென்று தரையில் விழுந்துவிடும், அதைவிடச் சிறியதுதான் மிதக்கும் என்று பல தலைமுறை மருத்துவப் பாடங்களில் எழுதி வைத்திருந்தார்கள். 1930-களில் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் துளிகளை ஆராய்ந்தபோது, விழுவதற்கும் மிதப்பதற்கும் நடுவே அவர் போட்ட கோடு 100 மைக்ரான் பக்கம். 5 மைக்ரான் என்பது காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்துக்குப் போக எவ்வளவு சிறிய துளியில் இருக்கவேண்டும் என்ற வேறு கணக்கோடு சேர்ந்தது. இரண்டும் எங்கேயோ கலந்து, யாரும் திரும்பிப் பார்க்காமல் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டது. அதைப் படித்துத் தேர்வு எழுதி வந்தவரிடம் போய் ஜன்னலைத் திறங்கள் என்றால் அவர் என்னைத்தான் விவரம் தெரியாதவனாகப் பார்ப்பார்.

இதற்கு விலை கொடுத்ததும் அவர்கள்தானே. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவால் உலகம் முழுக்க ஏறக்குறைய 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவது போன்ற சில சிகிச்சைகளின்போது மட்டும் என்95 (முகத்தோடு ஒட்டிப் பொருந்தி நுண்துளிகளை வடிகட்டும் மாஸ்க்) போடுங்கள், மற்ற நேரத்தில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதும் என்று அவர்களுக்குச் சொன்னார்கள். பிறகு அளந்து பார்த்தபோது, நோயாளி ஒரு தடவை பலமாக இருமினாலே குழாய் பொருத்தும்போது வருவதைவிட அதிக நுண்துளிகள் வருவது தெரிந்தது. அதாவது இருமுகிற நோயாளியின் படுக்கை அருகே, முகத்தில் சரியாகப் பொருந்தாத மாஸ்க்கோடு நாள் முழுக்க நிற்கவைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கை கழுவவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்போக்குக் கிருமிகளுக்கு அதுதான் முதல் காவல், மருத்துவமனையில் அது எப்போதும் வேண்டும். ஆனால் கிருமி பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் கொரோனா வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. நாற்காலியைத் துடைக்க ஆள் இருக்கிறது, ஜன்னலைத் திறக்க ஆள் இல்லை.

அப்புறம் இந்த ஆன்டிபயாட்டிக். வைரஸை அது ஒன்றும் செய்யாது. கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் கூடவே பாக்டீரியா தொற்று இருந்தது, கொடுத்ததோ நாலில் மூன்று பேருக்கு என்று 2024-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், எழுதிக்கொடுங்கள் என்று பிடிவாதம் பிடிக்கிற நாமும் இருக்கிறோம்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு மாதம் முன்பு நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் தொண்டை கரகரப்போடு வீட்டுக்கு வந்தார். "டெஸ்ட் எடுத்துட்டேன், நெகட்டிவ்தான்" என்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். வீட்டில் செய்யும் அந்த உடனடிப் பரிசோதனை முதல் நாள் நெகட்டிவ் காட்டுவது சகஜம். அதனால்தான் இரண்டு நாள் விட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து நோய் பரவும் என்பதும் பலருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவருக்குப் பாசிட்டிவ். அப்பாவுக்கு வரவில்லை, எங்கள் நல்ல நேரம். வந்திருந்தால் யாரைக் கேட்பது? "நெகட்டிவ்னுதானே வந்தேன்" என்று அவர் சொல்வார், அதுவும் பொய் இல்லை.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பழைய போஸ்டரைக் கிழியுங்கள். ஜன்னல் திறக்க முடியாத அறை என்றால் நுண்துளிகளைப் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள். நாம் விடும் மூச்சு அறையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வைத்தால் காற்று தேங்கியிருக்கிறதா என்று யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நர்ஸ்களுக்கு முகத்தில் பொருந்துகிற என்95 கொடுத்து, எதற்காக என்று உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லுங்கள். அவர்கள் சொன்னால்தான் நாற்காலியில் இருக்கிற முப்பது பேரும் கேட்பார்கள்.

அன்றைக்கு அப்பாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, படிக்கட்டுப் பக்கம் காற்று வருகிற இடத்தில் நிற்கவைத்தேன். உட்கார இடமில்லை. முக்கால் மணி நேரம் சுவரில் சாய்ந்து நின்றார். "உள்ளேயே இருந்திருக்கலாமேப்பா, கால் வலிக்குது" என்றார். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லி மறுபடியும் கேட்பேன்.