தேர்தலுக்கு முந்திய வாரங்களைப் பற்றியும் பேசுவோம்

தேர்தல் வந்தால் இராணுவத்தை வீதியில் இறக்கினால்தான் நிம்மதி என்று கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கோணேசரைக் கும்பிடப் போவதென்றாலே இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்க வேண்டிய ஊர் எங்கள் திருகோணமலை. துறைமுகத்தில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. தேர்தலுக்கென்று எங்களுக்குப் புதிதாகச் சீருடை காட்டத் தேவையில்லை.

அரசியலமைப்பின்படி எத்தனை பொலிஸார் தேவை என்று அறிவிப்பது தேர்தல் ஆணைக்குழு. கொடுக்க வேண்டியவர் பொலிஸ்மா அதிபர். முப்படையை ஈடுபடுத்துமாறு ஜனாதிபதிக்குப் பரிந்துரைக்கவும் ஆணைக்குழுவுக்கு இடமுண்டு. வரிசை இதுதான். முகாம் அதிகாரி நினைத்தபடி வந்து நிற்பதற்கு இதில் இடமில்லை.

வாக்களிப்பு நாளைப் பற்றி இப்போது எனக்குப் பெரிய முறைப்பாடு கிடையாது. 2024 பொதுத் தேர்தலில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா, வாசலில் பொலிஸ்காரரைக் கண்டதும் அவர் கேட்காமலே அடையாள அட்டையை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினார். பொலிஸ்காரர் சங்கடத்துடன் சிரித்து, உள்ளே போகச் சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை. சோதனைச்சாவடிகளில் பழகிய கை அப்படித்தான் நீளும்.

சிக்கல் அதற்கு முந்திய வாரங்களில்தான். 2013 வட மாகாண சபைத் தேர்தலைப் பார்க்க வந்த பொதுநலவாயக் கண்காணிப்பாளர்கள் பிரசார காலத்தில் படையினரின் தலையீட்டைத்தான் கடுமையாகக் குறை சொன்னார்கள். கூட்டத்துக்கு யார் வந்தார்கள், மண்டபத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று சிவில் உடையில் ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனால் போதும். அடுத்த கூட்டத்தில் கதிரைகள் காலியாக இருக்கும். வாக்குப்பெட்டிக்கு எத்தனை முத்திரை வைத்தாலும் அந்தக் கதிரைகள் நிரம்பாது.

பயம் அரச சீருடையில் மட்டும் வந்ததென்று நான் சொல்ல மாட்டேன். 2005 ஜனாதிபதித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னவர்கள் விடுதலைப் புலிகள் என்று எங்களுக்குத் தெரியும். அன்று வாக்களிக்காத சனம் எல்லாம் விருப்பத்தோடு வீட்டில் இருந்ததா? ஆனால் அதைக் காட்டி இன்றைய விசாரிப்புகளை நியாயப்படுத்த முடியாது.

எங்கள் கிழக்கு மாகாண சபைக்கு 2012க்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. 2017இல் அதன் காலமும் முடிந்தது. அந்தத் தேர்தல் அறிவிக்கப்படும் நாளிலேயே ஆணைக்குழு ஒரு பக்க அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் ஒட்டட்டும்: பிரசாரம் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கு அதிகாரம், கேட்டவரின் பெயரையும் இலக்கத்தையும் நாங்கள் எங்கே முறையிடலாம்.