பைபரி வீடுகள் கப்பல் ஏறவில்லை

இங்கிலாந்தின் பைபரி கிராமத்து வீட்டு வரிசைப் படத்தோடு ஒரு தகவல் சுற்றுகிறது: 'இந்த வீடுகளை அமெரிக்கக் கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார், இப்போது நிற்பது நகல்.'

தவறு. ஆர்லிங்டன் ரோ எனப்படும் அந்த வரிசை இன்றும் குளோஸ்டர்ஷைரில், கோல்ன் ஆற்றங்கரையில்தான் நிற்கிறது. பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அதை வாங்க ஃபோர்டு ஆசைப்பட்டதாக ஒரு கதை உண்டு. அவர் உண்மையில் வாங்கியது அதே குளோஸ்டர்ஷைரில் உள்ள செட்வொர்த் கிராமத்தின் 'ரோஸ் காட்டேஜ்'. கல் கல்லாக எண்ணிட்டுப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். மிச்சிகனின் டியர்பார்ன் நகரில், கிரீன்ஃபீல்டு வில்லேஜ் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். வீடு போனது மெய், கதையில் ஊர்தான் மாறிவிட்டது!

ஆர்லிங்டன் ரோ பற்றிச் சொல்லப்படும் '1380 முதல் மக்கள் குடியிருக்கும் வீடுகள்' என்ற வரியும் சரியில்லை. 14ஆம் நூற்றாண்டில் அது மடத்துக்குச் சொந்தமான கம்பளிக் கிடங்கு. 17ஆம் நூற்றாண்டில்தான் நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள். நெய்த துணி பக்கத்து ஆர்லிங்டன் ஆலைக்குப் போகும். அங்கே ஈரத்தோடு அடித்துக் கெட்டியாக்கி, வீடுகளுக்கு எதிரே உள்ள ஈரப் புல்வெளியில் மரச் சட்டங்களில் விரித்துக் காயவைப்பார்கள். துணி காய்ந்த அந்தச் சட்டங்களால்தான் புல்வெளிக்கு ராக் ஐல் ('சட்டத் தீவு') என்று பெயர். இப்போது அங்கே நீர்ப்பறவைகள் மேய்கின்றன.