ஏழு மணி விலை உங்கள் பில்லில் ஏறாது

"மின்சார எக்ஸ்சேஞ்சில் மாலை 7 மணிக்கு யூனிட் 10 ரூபாய் போனால், அந்த நேரத்தில் ஓடும் கீசருக்கு பெஸ்காம் அதே விலை போடும்" என்று ஒரு பதிவு. (பெஸ்காம் என்பது பெங்களூருக்கு மின்சாரம் தரும் விநியோக நிறுவனம்.) பெங்களூரு வீட்டு இணைப்புகளுக்கு அப்படி இல்லை, சார்.

ஐஇஎக்ஸ் என்ற அந்த மின்சார எக்ஸ்சேஞ்சின் நாள்முன் சந்தையில் (மறுநாளுக்கான மின்சாரத்தை முந்தைய நாளே வாங்கி விற்கும் இடம்) ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பிளாக்காகப் பிரித்து விலை முடிவாகிறது. 10 ரூபாய் என்பது அதன் உச்சவரம்பு. ஆனால் பெஸ்காம் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தத்தில் வருவது. அனல் நிலையத்துக்கு நிலைக்கட்டணமும் எரிபொருள் கட்டணமும் தனித்தனி. சோலாருக்குப் பெரும்பாலும் 25 வருடம் ஒரே விலை. சந்தையில் கூடுதலாகச் செலவானாலும் அது மொத்தக் கொள்முதல் செலவில் கலந்து, பிற்பாடு பில்லில் எஃப்பிபிசிஏ (எரிபொருள், மின் கொள்முதல் செலவுச் சரிக்கட்டல்) என்ற வரியில் யூனிட்டுக்கு இத்தனை பைசா என வரும். எந்த மணிக்கு ஓட்டினீர்கள் என்று அது பார்ப்பதில்லை. (தொழிற்சாலைகளின் உயரழுத்த (எச்டி) இணைப்புக்கு நேரவாரிக் கட்டணம் உண்டு. அதுவும் ஒழுங்குமுறை ஆணையம் முன்பே நிர்ணயித்ததுதான், சந்தை விலை அல்ல.)

சரிபார்க்க, பில்லில் எஃப்பிபிசிஏ தொகையை யூனிட்டால் வகுங்கள். ஓய்வூதிய சர்சார்ஜ் வேறு வரி, அதைச் சேர்த்துவிடாதீர்கள். அதே மாதத்து பக்கத்து வீட்டு பில்லிலும் வகுத்தால் அதே பைசாதான் வரும், அவர்கள் ராத்திரி முழுக்க ஏசி போட்டிருந்தாலும். 96 பிளாக் விலையை ஐஇஎக்ஸ் தளத்தில் யாரும் பார்க்கலாம்.