மாஸ்டர் யார் கையில்?

"பாட்டு எப்பவும் உங்களோடதுதான்" என்று லேபிள்காரர், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தார், சொன்னால், எந்தப் பாட்டு என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு சுயாதீனப் பாட்டுக்குள் சட்டப்படி மூன்று சொத்து இருக்கிறது: பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு. இந்த ஒலிப்பதிவைத்தான் மாஸ்டர் என்பார்கள். பாடியவருக்குத் தனியே ஓர் உரிமை உண்டு.

பாடல் வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் காவல் நிற்கிறது. எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டி பெறும் உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் செல்லாது. ஆனால் அப்படி ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினரானால் மட்டும் பணம் வந்துவிடாது. ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிய வேண்டும். மிக்ஸ் முடிந்த அன்றே எல்லோரும் கையெழுத்துப் போட்ட பங்குத்தாள் இல்லையென்றால், ஒருவர் 60 என்றும் இன்னொருவர் 60 என்றும் பதிவார். கூட்டினால் 120. தகராறு தீரும்வரை பணம் நிற்கும்.

மாஸ்டருக்கு இந்தக் காவல் இல்லை. ஸ்ட்ரீமிங் பணத்தில் பெரும்பங்கு மாஸ்டர் வைத்திருப்பவருக்கே போகிறது. ரீமிக்ஸ் போடுவதா, பதிவை விளம்பரத்துக்குக் கொடுப்பதா என்பதும் அவர் கையில். ஒலிப்பதிவைச் செய்ய முன்வந்து பொறுப்பேற்றவரே அதன் தயாரிப்பாளர் என்கிறது சட்டம். அதனால் ஸ்டூடியோ பில்லை உங்கள் பெயரிலேயே போடச் சொல்லி, பத்திரமாக வையுங்கள்.

இனி அட்வான்ஸ் கணக்கு. லேபிள் தருவது 3 லட்சம் அட்வான்ஸ், வருமானத்தில் உங்கள் பங்கு 20 சதவீதம், அந்தப் பங்கிலிருந்தே அட்வான்ஸ் கழியும் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு 10 லட்சம் ஈட்டினால் உங்கள் கணக்கில் ஏறுவது 2 லட்சம்தான். இன்னும் 1 லட்சம் பாக்கி என்று ஸ்டேட்மென்ட் வரும். லேபிளோ கொடுத்த 3 போக 7 லட்சத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டது. 15 லட்சம் தாண்டினால்தான் உங்களுக்கு அடுத்த ரூபாய். விளம்பரச் செலவையும் உங்கள் பங்கிலேயே கழிக்கும் விதி ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த 15-ம் நகர்ந்துகொண்டே போகும். வட்டி இல்லாத கடன் என்பார்கள். வீட்டுக்கடன் கட்டி முடித்தால் வீடாவது நம்முடையது ஆகும்!

காலம் குறிக்காத உரிமை மாற்றம் 5 ஆண்டுதான், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19 சொல்கிறது. "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற சொற்களை லேபிள் ஒப்பந்தத்தில் மறக்காமல் சேர்ப்பது இதனால்தான். அதை அடித்துவிட்டு, 5 அல்லது 7 வருட லைசென்ஸ் என்று கேளுங்கள். முடிந்ததும் ஸ்டெம்களோடு (குரல், தாளம் எனத் தனித்தனியாகப் பிரித்த ஒலிக் கோப்புகள்) மாஸ்டர் திரும்ப வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் பணமே தருவதில்லை. அடுப்பெரிப்பது மேடையும் விளம்பர வேலையும்தான். விளம்பரத்துக்கு மாஸ்டரைத் தர நீங்களே பேரம் பேச முடிவதுதான் அதைக் கையில் வைத்திருப்பதன் லாபம்.

இணையத்தில் வாங்கிய பீட் (பாடுவதற்கென்று முன்பே செய்துவைத்த பின்னணி இசை) என்றால் உரிமம் உங்களுக்கு மட்டுமா என்று பாருங்கள். பத்துப் பேருக்கு விற்ற பீட்டில் பாடிவிட்டு, ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானே கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்தால், மற்ற ஒன்பது பேரின் வீடியோவுக்கும் உங்கள் பெயரில் உரிமைக் க்ளெய்ம் பாயும்.

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தர வருடச் சந்தா வாங்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கார்டு காலாவதியானால் பாட்டு இறங்கிவிடலாம். வேறிடம் மாறும்போது பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) அதே ஆடியோ ஃபைலையும் கொடுத்து ஏற்றுங்கள். புதியது தெரிய ஆரம்பித்த பிறகே பழையதை எடுங்கள். இல்லையென்றால் ப்ளே எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.