ஷாட்ட வெட்டாம எடுத்ததுலதான் அந்த வயக்காட்டு சீனோட பலமே இருக்கு
தொடர் கொலைகளப் போலீஸ் துப்பறியுத 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' கொரியன் படத்துல, பொணம் கெடந்த வயக்காட்டு சீன்ல கேமரா வெட்டாம சுத்துறது சும்மா வித்தை காட்டுறது, கட் பண்ணி எடுத்திருந்தா வேகம் வந்திருக்கும்னு படத்தப் பத்தின இந்தக் கட்டுரையில இருக்கு, இத என்னால ஒத்துக்கவே முடியல. அந்த ஷாட்ட இன்னொரு தடவ பாருங்க, டிடெக்டிவ் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதாரு, சின்னப் பிள்ளைய குறுக்க மறுக்க ஓடுது, ஆபீசர் மேட்டுலருந்து சறுக்கி விழுதாரு, மண்ணுல பதிஞ்ச ஒத்த கால்தடத்த காப்பாத்தணும்னு கத்திக்கிட்டு இருக்கும்போதே டிராக்டர் அது மேலயே ஏறிப் போயிருது. எல்லாம் ஒரே மூச்சுல நடக்கதுனாலதான் ஒத்த மனுசனால எதையுமே தடுக்க முடியலங்கது நமக்கு உறைக்கி, தடத்துக்கு ஒரு குளோசப் டயருக்கு ஒரு குளோசப்னு வெட்டியிருந்தா வெறும் தகவலாப் போயிருக்கும். நான் அம்பாசமுத்திரம் பக்கம், எங்க வயல்ல பம்ப்செட் மோட்டார் களவு போனப்போ போலீஸ் வாரதுக்குள்ள ஊரே கூடி வரப்புச் சேத்துல இருந்த தடத்தையெல்லாம் மிதிச்சு அழிச்சிட்டாவ, அந்த சீன் அச்சு அசல் அப்படியே இருக்கு. மேல கமெண்ட் போட்ட அண்ணாச்சி, கொலகாரன் யாருன்னு சொல்லாம முடிச்சது ஏமாத்துன்னு சொல்லுதியளே, 1986லருந்து 1991 வரைக்கும் தென்கொரியாவுல ஹ்வாசோங் பக்கம் நடந்த நெசக் கொலைகள வச்சு 2003ல வந்த படம் அது, ஆளு யாருன்னு டிஎன்ஏ மூலமா தெரிஞ்சதே 2019லதான். கொலகாரன் தியேட்டர்ல உக்காந்து இந்தப் படத்தப் பாப்பான்னு நெனச்சுதான் டைரக்டர் போங் ஜூன் ஹோ கடைசி ஷாட்டுல டிடெக்டிவா நடிச்ச சாங் காங் ஹோவ நேரா லென்ஸுக்குள்ள பாக்க வச்சாரு.