‘அரபியில் 1.23 கோடிச் சொற்கள்’: எண் சரி, பொருள் தவறு

அரபியில் 1,23,05,412 சொற்களும் ஆங்கிலத்தில் 6 லட்சம் சொற்களும் உள்ளன என்று பகிரப்படும் செய்தி தவறானது. முதல் எண், எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மதின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு. அரபியின் 28 எழுத்துகளை, ஓர் எழுத்து இருமுறை வராமல், இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக, ஐந்தைந்தாக வரிசை மாற்றி அடுக்கினால் முறையே 756, 19,656, 4,91,400, 1,17,93,600 கிடைக்கும். அவற்றின் கூட்டுத்தொகையே அந்த எண்.

அவை வேர்களாக, அதாவது சொற்கள் பிறக்கும் அடிகளாக, அமையக்கூடிய எழுத்துக்கோவைகளே அன்றிச் சொற்கள் அல்ல. மிகப் பெரும்பாலானவை எவர் நாவிலும் வழங்காதவை. அவற்றை ‘முஹ்மல்’, அதாவது வழக்கில் இல்லாதவை, என்று அரபு அகராதியாளர்களே ஒதுக்கிவைத்தார்கள். 1290இல் நிறைவுற்ற ‘லிசானுல் அரப்’ பேரகராதியிலேயே ஏறத்தாழ 9,000 வேர்கள்தாம் உள்ளன. ஆங்கிலத்துக்குக் காட்டும் எண்ணோ அகராதிப் பதிவுகளை ஒட்டியது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது.